கொடியடுப்பை இடிப்பதற்கு முன்

போன ஐப்பசி மழையில் அம்மாவின் கொடியடுப்பு விரிசல் விட்டது. மரக்காணத்துக்குப் பக்கத்துக் கிராமம். கடல் காற்றும் மழையும் சேர்ந்தால் மண்சுவர் எதுவும் நிமிர்ந்து நிற்காது. பெரிய வாய்க்கும், அதன் தீயிலேயே சூடாகும் பக்கத்துக் குழியான கொடிக்கும் நடுவில் இருந்த மண் பாலம் ஒரு நாள் இரவில் உட்கார்ந்துவிட்டது. காலையில் எல்லோருக்கும் ஒரு யோசனை இருந்தது. அண்ணன் இடித்துத் தள்ளிவிட்டு முழுக்க கேஸுக்கு மாறலாம் என்றார். அண்ணி இண்டக்ஷன் அடுப்பு வாங்கலாம் என்றார். அம்மா, நாலு கூடை களிமண் கொண்டுவந்தால் தானே பூசிக்கொள்வதாகச் சொன்னார். நான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கேஸ் இணைப்பு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் விறகடுப்பு ஒரு நாளும் அணைந்ததில்லை. புது அடுப்பு வந்தால் பழையது தானாகப் போய்விடும் என்பது உண்மையானால், அது எப்போதோ போயிருக்க வேண்டும். ஆகவே எந்த அடுப்பு நல்லது என்று கேட்பதற்கு முன், இந்தப் பழைய அடுப்பு என்னென்ன வேலை செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். அண்ணன் மகள் எழுதினாள். விறகை எடை போடும் வேலையும் அவளுடையதுதான். பழைய பேப்பர்காரரின் தராசை இரவல் வாங்கி வந்தாள்.

ஏழு நாள் கழித்து நோட்டைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. சமையல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது அந்த அடுப்பின் பாதி வேலைகூட இல்லை. விடியற்காலையில் ஐந்து பேருக்குக் குளிக்க வெந்நீர். பிறகு மாட்டுக்குக் கஞ்சி. இந்த இரண்டும்தான் விறகில் பாதிக்கு மேல் தின்றன. அப்புறம் கேழ்வரகுக் களி, வாரத்தில் இரண்டு நாள் மீன் குழம்பு, சில நாள் சோறு. டீ, தாளிப்பு, இரவுத் தோசை எல்லாம் ஏற்கெனவே கேஸில்தான் நடந்துகொண்டிருந்தன. அதாவது, கேஸ் வந்ததும் அம்மா அதற்கு ஏற்ற வேலையை அதனிடம் கொடுத்துவிட்டார். மீதி வேலையைச் செய்ய வேறு எதுவும் வரவில்லை. அதனால் விறகடுப்பு நின்றது. பிடிவாதமோ பழைமைப் பாசமோ அதில் பெரிதாக இல்லை.

ஒரு சிலிண்டருக்கு எத்தனை கட்டு விறகு

அடுப்புகளை ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும். நான் சிலிண்டரையே அளவாக வைத்துக்கொண்டேன்.

ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் வருகிறது. காய்ந்த விறகில் ஒரு கிலோவுக்கு 15 மெகாஜூல். ஆனால் எரிவதெல்லாம் பானைக்குள் போவதில்லை. பழைய மண் அடுப்பில் நூற்றில் பத்து முதல் பதினைந்து பங்குதான் சட்டியைச் சேர்கிறது. மற்றது சுவரையும் முகத்தையும் கூரையையும் சூடாக்குகிறது. கேஸ் அடுப்புக்கு இந்தியத் தரநிலை கேட்பது 68 பங்கு. வீட்டுப் புழக்கத்தில் 60 என்று வைத்தேன். இண்டக்ஷனுக்கு 85.

இப்படிக் கணக்குப் போட்டால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையைப் பழைய அடுப்பில் செய்ய 200 கிலோவுக்குச் சற்று மேலான காய்ந்த விறகு வேண்டும். வெப்பத்தில் கால் பங்கையாவது பானைக்குச் சேர்க்கும் திருந்திய விறகடுப்பு என்றால் 105 கிலோ. இண்டக்ஷன் என்றால் சுமார் 130 யூனிட் மின்சாரம். உங்கள் ஊரில் விறகு என்ன விலை, சிலிண்டர் என்ன விலை, மின்கட்டணத்தில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று இந்த நான்கு எண்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாதித் தீர்மானம் அங்கேயே முடிந்துவிடும். விறகை விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்குப் பழைய அடுப்பு பல நேரம் கேஸைவிட அதிகச் செலவு வைக்கிறது என்பதும் அப்போது தெரியும்.

எங்கள் வீட்டில் விறகு விலைக்கு வருவதில்லை. சுற்றிலும் சவுக்குத் தோப்பு. வெட்டு முடிந்ததும் மிலாறு, அதாவது சிறு குச்சிகள், பொறுக்கலாம். அண்ணனின் வாதம் கேஸ் பக்கம் இருந்தாலும், மாதக் கடைசியில் அவர் கை மிலாறு பக்கம்தான் போகும். இலவசம் என்று சொல்லப்படும் அந்த விறகுக்காக அம்மா வாரத்தில் இரண்டு பகல் தோப்பில் குனிந்து நிமிர்கிறார் என்பது மட்டும் யாருடைய கணக்கிலும் வரவில்லை. அவருக்கு அறுபத்தாறு வயது.

இப்போது வெந்நீர். ஐந்து பேருக்கு 60 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக 4.5 மெகாஜூல் தேவை. பழைய அடுப்பில் நாளுக்கு இரண்டரை கிலோ விறகு. அதையே கேஸில் வைத்தால் மாதத்துக்கு ஐந்து கிலோ, அதாவது சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு. சமையலுக்கு மட்டும் 45 நாள் வரும் சிலிண்டர் 30 நாளில் தீர்ந்துவிடும். முழுக்க கேஸுக்கு மாறிய பல வீடுகள் மூன்றாம் மாதத்தில் மறுபடி கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டுவது இங்கேதான் தொடங்குகிறது.

புகையைப் பற்றி ஒரு சான்று

எங்கள் மாவட்டத்திலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 2018-இல் தொடங்கி இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து நடத்தினார்கள். இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்தது விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு இங்கே பொறுப்பேற்றது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் 18 மாதம் இலவசமாக வீடு தேடி வந்தன. மற்றவர்கள் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள். விறகு வீட்டுப் பெண்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. கேஸ் வீட்டில் 24. மூன்றில் ஒரு பங்கு.

இந்த ஆய்வில் நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு விஷயங்கள். சிலிண்டர் தவறாமல் வந்தபோது அந்தப் பெண்கள் விறகடுப்பைக் கிட்டத்தட்ட முழுதாகவே விட்டுவிட்டார்கள். ‘விறகுச் சமையல் ருசியை நம் பெண்கள் விடமாட்டார்கள்’ என்று ஆண்கள் சொல்லும் கதை அத்தோடு போயிற்று. இன்னொன்று அவ்வளவு இனிப்பானதல்ல: புகை குறைந்தும், பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கேஸ் மாற்றினால் எல்லா நோயும் தீரும் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். ஆனால் அம்மாவின் கண் எரிச்சலுக்கும் மார்கழி இருமலுக்கும் புகைதான் காரணம் என்பதை எனக்கு எந்த ஆய்வும் சொல்ல வேண்டியதில்லை.

புகைபோக்கி வைத்த மண் அடுப்பு

முதல் மாற்று, அம்மா விரும்பியதற்கு மிக அருகில் இருப்பது. அதே களிமண், செங்கல். ஆனால் வாய் சிறிதாக, உள்ளே இரும்புக் கம்பித் தட்டு, பின்னால் குழாய். இது புது யோசனையும் அல்ல. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்திய வார்தா மகன்வாடியில் 1940-களிலேயே ‘மகன் சூலா’ என்ற அடுப்பு உருவானது. 1950-களில் ஐதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். 1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் மூன்று பாத்திரம் வைக்கும் அஸ்த்ரா அடுப்பைக் கொடுத்தது. அதே பத்தாண்டில் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டம் 2002 வரை நடந்து, மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகளைக் கட்டியதாகக் கணக்குச் சொன்னது. அவற்றில் இன்று எரிவது எத்தனை என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

ஏன் நிலைக்கவில்லை? ஒடிசாவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர் குழு ஒன்று. முதல் ஆண்டில் புகை குறைந்தது; பிறகு அந்தப் பலன் காணாமல் போனது. அடுப்பு உடைந்தது, பூச ஆளில்லை, குழாயில் கரி அடைத்தது, மக்கள் பழையபடி சமைத்தார்கள். கட்டிக் கொடுக்கப் பணம் இருந்தது. குழாய் துடைப்பது யார் வேலை என்று எவரும் கேட்கவில்லை.

இந்த அடுப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதனால் சில சங்கதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாத்திரம் அடுப்புக் குழிக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். குழி பெரிது, சட்டி சிறிது என்றால் இடுக்கு வழியாகப் புகை வீட்டுக்குள்தான் வரும். அப்போது புகைபோக்கி வெறும் அலங்காரம். இரண்டாம் குழியில் எதையும் வைக்காத நேரத்தில் மூடி போட வேண்டும். குழாய் கூரையைவிட இரண்டடியாவது மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் காற்று திரும்பும்போதெல்லாம் புகை அடுப்பு வாய் வழியே மூஞ்சியில் அடிக்கும். எங்கள் ஊரில் பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) குழாயை அறுத்துப் புகைபோக்கி செய்யும் வழக்கம் உண்டு. வேண்டாம். அறுக்கும்போது பறக்கும் தூசி புகையைவிடப் பொல்லாதது. மண் குழாயோ நாலு அங்குல இரும்புக் குழாயோ போதும்.

கூரை வீடு என்றால் இன்னொன்று. சூடான குழாய் கீற்றைத் தொட்டுக்கொண்டு போனால் இன்றில்லாவிட்டாலும் ஒரு கோடையில் பற்றும். குழாயைக் கூரை வழியாக ஏற்றாமல் பக்கச் சுவர் வழியாக வெளியே எடுத்து, சுவரிலிருந்து தள்ளி மேலே கொண்டுபோவது நல்லது. உச்சியில் தகரத் தொப்பி. மாதம் ஒரு தடவை நீளக் குச்சி நுனியில் கோணித் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்தால் கைநிறையக் கரி வரும். ஈர விறகு எரிக்கும் வீட்டில் அது தார் போல ஒட்டிக்கொள்ளும். சேர்ந்துவிட்டால் அந்தத் தாரே குழாய்க்குள் பற்றி எரியும்.

தகர அடுப்புகள்

கடைகளில் கிடைக்கும் உலோக அடுப்புகள் இரண்டு வகை. ஒன்று, பக்கவாட்டில் சிறு வாய் வைத்து, உள்ளே செங்குத்தான அறையில் தீயை ஏற்றும் ராக்கெட் அடுப்பு. மற்றது, அடியில் சிறு மின்விசிறி வைத்து ஊதும் அடுப்பு. முதல் வகை குறைந்தது 25 பங்கு வெப்பத்தையும் இரண்டாவது வகை 35 பங்கையும் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது தரநிலை. புகையும் நன்றாகவே குறைகிறது. ஊதாங்குழல் வேண்டியதில்லை.

நான் விசிறி அடுப்பு ஒன்றை முன்பு வாங்கிப் பார்த்தவன். மூன்று மாதம் அருமையாக எரிந்தது. பிறகு பேட்டரி போனது; விற்ற கடையில் மாற்றுப் பேட்டரி இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள், பல அடுத்த வாரங்கள் போயின. விசிறி நின்ற அந்த அடுப்பு பழைய மண் அடுப்பைவிட மோசமாகப் புகைந்தது. இப்போது அதில் துளசிச் செடி இருக்கிறது.

ராக்கெட் அடுப்பைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம். சவுக்கு மிலாறு அதற்கென்றே விளைந்தது போல இருக்கும். விரல் பருமன் குச்சிகள் இரண்டு மூன்று போதும். ஆனால் களி கிளற முடியாது. துடுப்பைப் போட்டு அழுத்திக் கிண்டினால் அடுப்போடு சட்டி ஆடும். கொதிக்கும் களி காலில் விழுந்தால் தோலோடு வரும். இதை எந்த விளம்பரத்திலும் எழுதமாட்டார்கள். களியும் பெரிய சோற்றுக் குண்டானும் உள்ள வீட்டில் தரையோடு பிடித்த அடுப்புக்குத்தான் வேலை. இரண்டு பேர் வீடு, குழம்பும் பொரியலும் மட்டும் என்றால் ராக்கெட் அடுப்பு தாராளம். அதன் உடல் சுடும். குழந்தை தவழும் வீட்டில் யோசிக்க வேண்டும்.

கேஸ்

சமையலுக்கு இதற்கு நிகர் இல்லை என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2016 மே மாதம் உத்தரப் பிரதேசம் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியபின் இணைப்பு கிடைப்பது பெரிய காரியமாகவும் இல்லை. அடுத்த சிலிண்டர் வாங்குவதுதான் காரியம். 14.2 கிலோவுக்கு ஒரே தடவையில் பணம் கட்ட முடியாத வீட்டில் 5 கிலோ சிலிண்டர் கேட்டுப் பார்க்கலாம்.

நான் இங்கே நின்று பேச விரும்புவது ஒரு ஆபத்தைப் பற்றி. விறகடுப்பும் கேஸும் ஒரே அடுப்பங்கரையில் இருக்கும் வீடுகள் நம் கிராமங்களில் ஏராளம். எங்கள் வீடும் ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தரையாகப் பரவி, பள்ளம் தேடித் தேங்கும். விறகடுப்பு இருப்பதும் தரையில். அதில் சாம்பலுக்கடியில் தணல் இரவெல்லாம் உயிரோடு கிடக்கும். அந்த இரண்டும் சந்திக்காமல் ஒன்பது ஆண்டு போனது எங்கள் சாமர்த்தியம் அல்ல.

ஆகவே ஒரே அறையில் இரண்டும் வேண்டாம். எது வெளியே போகிறது என்பதைத் தீர்மானித்துவிட்டுத்தான் மற்றதை உள்ளே வைக்க வேண்டும்.

கேஸ் அடுப்பைத் தரையில் வைத்து உட்கார்ந்து சமைப்பதும் பழைய பழக்கத்தின் நீட்சி. சிலிண்டரின் தலையைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். மேடை கட்டுங்கள், கடப்பைக் கல் வாங்க முடியாவிட்டால் செங்கல் அடுக்கிப் பலகைக்கல் போட்டாலும் போதும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், பெட்டிக்குள் பூட்டக் கூடாது. ஆரஞ்சு நிறத்தில் வரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வாங்கிய தேதியைச் சுவரில் எழுதி வைத்தால் மறக்காது. சிலிண்டர் கழுத்து வளையத்துக்குக் கீழே உட்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும்: ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், பக்கத்தில் ஆண்டு. அந்தக் காலம் கடந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்பலாம். கொண்டுவந்தவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

கசிவு பார்க்க சோப்பு நுரை. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரர்களை நான் கண்டிருக்கிறேன். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்துவிட வேண்டும். போட்டாலும் அணைத்தாலும் பொறி ஒன்றுதான். அவசரத்துக்கு 1906 என்ற எண்ணை வெளியே போய்நின்று அழையுங்கள்.

இண்டக்ஷன், சாண எரிவாயு, சோலார்

இண்டக்ஷன் நல்ல துணை அடுப்பு. தீயே இல்லை என்பதால் அண்ணன் மகள் டீ போட அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டாள். ஆனால் எங்கள் மண்சட்டி, ஈயப் பூச்சுப் பித்தளை, அலுமினியக் குண்டான் எதையும் அது ஏற்காது; காந்தம் ஒட்டும், அடி தட்டையான பாத்திரம் வேண்டும். 2,000 வாட் அடுப்பை 16 ஆம்பியர் பிளக்கில், எர்த் சரியாக உள்ள வயரிங்கில்தான் போட வேண்டும். டேப் சுற்றிய நீட்டிப்பு வயரில் போட்டால் தீப்பிடிக்கும் இடம் அடுப்படியிலிருந்து சுவருக்குள் மாறும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது கைகொடுக்கும். ஆனால் புயல் மாதங்களில் எங்கள் பக்கம் மூன்று நாள் மின்சாரம் இருக்காது. அப்போது இது வெறும் கண்ணாடிப் பலகை.

சாண எரிவாயுவில் எனக்கு ஆசை உண்டு, வசதி இல்லை. ஒரு கன மீட்டர் வாயுவுக்குத் தினம் 25 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். இரண்டு கன மீட்டர் கலன் இருந்தால் மாதம் 26 கிலோ கேஸுக்கு இணையாக எரியும், கழிவு வயலுக்குப் போகும். அதற்கு நாலைந்து மாடு வேண்டும். எங்களிடம் ஒரு பசுவும் ஒரு கிடாரியும். மாட்டை விற்ற வீட்டுக் கொல்லைகளில் மூடாமல் கிடக்கும் பழைய கலன்களைப் பார்த்தபின் அந்தப் பேச்சை விட்டேன். நாலு மாடு நிலையாக உள்ளவர்கள் கட்டாயம் யோசிக்கலாம். ஒன்று மட்டும், கலனைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்கவே கூடாது. ஒரு மூச்சில் விழுந்துவிடுவார்கள்.

வெந்நீருக்கு சோலார் கேட்டுப் பார்த்தேன். மேல்நிலைத் தொட்டி, குழாய் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். எங்கள் உப்புத் தண்ணீரில் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படியும். மழை மாதத்தில்தான் வெந்நீர் அதிகம் வேண்டும். அப்போதுதான் அது சுணங்கும். மின்சாரத்தில் சூடாக்கினால் நாளுக்கு 1.3 யூனிட், இரண்டு மாதத்தில் 80 யூனிட். இலவச 100-இல் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

எடுத்த முடிவு

உள்ளே கேஸ் மட்டும். டீக்கும் பாலுக்கும் இண்டக்ஷன். கொடியடுப்பை இடித்தோம். இதில் நான் கறாராக நின்றேன். அது இருந்தால் ஏதாவது ஒரு சாக்கில் எரியும். அந்த இடத்தில் மேடை வந்தது.

கொல்லையில், வீட்டுச் சுவரிலிருந்து பன்னிரண்டடி தள்ளி, மூன்று பக்கம் திறந்த தகரக் கொட்டகை. அதற்குள் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அண்டா அளவுக்கு அளந்து கட்டிய ஒற்றை வாய் அடுப்பு. அடியில் கம்பித் தட்டு, பின்னால் மண் குழாய். கொத்தனார் அண்டாவைக் கவிழ்த்து வைத்து அதைச் சுற்றியே மண் அப்பினார். வெந்நீர், மாட்டுக் கஞ்சி, களி, மீன் குழம்பு நான்கும் அங்கே. முழங்கால் உயரத் திண்ணையில் அடுப்பை ஏற்றியதால் அம்மா குனிய வேண்டியதில்லை. வெந்நீருக்கு முன்பு இரண்டரை கிலோ போன இடத்தில் இப்போது ஒன்றரை கிலோ போகிறது, கணக்கில் 1.2 வந்தது, அண்டாவின் மூடி சரியாக உட்காராததுதான் குறை.

விறகு விஷயத்தில் அம்மாவோடு ஒரு சண்டை நடந்தது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி ஈர மிலாறை அடுக்கி உலர்த்துவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பொறி போதும் என்று எவ்வளவோ சொன்னேன். பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீர் என்பதால் அதை உலர்த்தத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலையை வெயில் செய்யட்டும். பிளந்து, தரையில் படாமல் கல்மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி வைத்தால் கோடை முடிவதற்குள் இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும். அடுக்கில் கைவைக்கும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். தேள் வெளியே வரட்டும். பரண் வேண்டாம் என்று அம்மா கடைசியில் ஒத்துக்கொண்டது பொறிக்காக அல்ல, தேளுக்காக.

மற்றதெல்லாம் வழக்கமான எச்சரிக்கைகள்தான், ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. நைலான் புடைவை அடுப்பு வேலைக்கு ஆகாது. முந்தானையை இடுப்பில் செருக வேண்டும். சாம்பலைப் பிளாஸ்டிக் கூடையில் அள்ளக் கூடாது. மூடி போட்ட தகர டின்னில் போட்டு, தண்ணீர் தெளித்து, மறுநாள்தான் குப்பைக் குழிக்கு. தணலைச் சட்டியில் எடுத்துக் குளிருக்காகப் பூட்டிய அறைக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இப்படி மூச்சடைத்து இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வராத குளிர்காலம் குறைவு. கரிப்புகையின் நஞ்சுக்கு வாசனை இல்லை. சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

தை பிறந்து ஏற்றிய சிலிண்டர் 47 நாள் வந்தது. அண்ணன் அந்த எண்ணைச் சிலிண்டர் மேலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். கொல்லைக் குழாயைத் துடைக்கும் வேலையை அம்மாவிடமிருந்து அவருக்கு மாற்றினோம். மாதாமாதம் முதல் ஞாயிறு என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறது. மாசி வட்டத்தில் டிக் இருக்கிறது. பங்குனி வட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நேற்று போனில் நினைவுபடுத்தினேன்.